தொடாதீர் என்று எழுதிய சீட்டு

போன வாரம் வேளச்சேரியில் என் ஜெராக்ஸ் கடைக்கு ஒரு பெண் பைண்டிங்குக்கு வந்தாள். கடை என்னுடையது, மேலே இருக்கிற இரண்டு மாடியும் என்னுடையது. ஆறாம் வகுப்போடு நின்றவன் கட்டியது என்பதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துவிடுவேன். அந்தப் பெண்ணுக்குச் சமூக நலத் திட்டங்கள் பற்றி ஆராய்ச்சியாம். பார்த்த புத்தகங்களின் பட்டியலே பதினோரு பக்கம். எந்த லைப்ரரியில் பார்த்தாய் அம்மா என்றேன். எல்லாம் போனிலேயே வந்துவிடுமாம். அவள் கையைப் பார்த்தேன். துளி தூசி இல்லை. ஆராய்ச்சி என்றால் எனக்குத் தும்மல்தான் ஞாபகம் வரும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் மயிலாப்பூரில், லஸ் பக்கம் ஒரு சந்தில், ஒரு சேவைச் சங்கம் லைப்ரரி நடத்தியது. ஏழைகளைப் பற்றிய அரசு அறிக்கைகளும் ஆணைகளும் அங்கே கூரை வரை நின்றன. உள்ளே நுழைந்தால் பூச்சிப் பொடியும் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய பைண்டிங் பசையும் ஒன்றாக மூக்கில் ஏறும். ஏழைகள் யாரும் வரமாட்டார்கள், என்னைத் தவிர. நான் அங்கே அட்டெண்டர். பெருக்குவது, புத்தகம் எடுத்துக் கொடுப்பது, அதன் முதுகில் வெள்ளை மையால் எண் போடுவது. என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். இங்கிலீஷ் படிக்கத் தெரியாது, எழுத்தை அப்படியே வரையத் தெரியும். அங்கே வந்தவர்களில் பலருக்குப் படிக்கத் தெரியும், எழுதத்தான் வராது.

அவர்களில் ஒருவர் அடையாறிலிருந்து காரில் வருவார். ஆதரவற்ற முதியோருக்கு அரசு என்ன செய்கிறது என்பது அவர் ஆராய்ச்சி. ஃபேனுக்குக் கீழே உள்ள மேசை அவருடையது. ஆராய்ச்சி செய்கிறவர் வேண்டிய புத்தகத்தைச் சீட்டு வைத்து ஒதுக்கிக்கொள்ளலாம் என்பது எங்கள் லைப்ரரி வழக்கம். அவர் ஒரு தடித்த அரசாணை வால்யூமை ஒதுக்கி, 'ஆராய்ச்சிக்கு எடுத்து வைத்தது, தொடாதீர்' என்று சீட்டு செருகி ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. பன்னிரண்டு மணிக்குச் சாப்பிட வீட்டுக்குப் போனால் தூக்கமும் முடித்து மூன்றரைக்கு வருவார். ஏழைகளைப் பற்றி யோசிப்பது களைப்பான வேலை.

நான் அப்போது கால்வாய் ஓரக் குடிசையில் இருந்தேன். பக்கத்துக் குடிசை கன்னியம்மா ஆப்பம் சுட்டு விற்பவள். அந்த ஆப்பத்தின் ஓரம் இருக்கிறதே, இன்று எந்த ஓட்டலிலும் அது கிடையாது, அதை விடுங்கள். கண் இரண்டும் மங்கி, அடுப்பில் கையைச் சுட்டுக்கொள்ள ஆரம்பித்தாள். முதியோர் பென்ஷனுக்கு மனுப் போட்டாள். வயது வந்த மகன் இருக்கிறான், கிடையாது என்று திருப்பிவிட்டார்கள். மகன் பம்பாய் போய் ஆறு வருடமாகக் கடுதாசி கூட இல்லை. பென்ஷன் இல்லாவிட்டால் கோயில் வாசல்தான் என்று அக்கம்பக்கம் பேசிக்கொண்டது. அவள் என்னிடம், "பசில செத்தாலும் செத்துப்பூடுவேன், அங்க போய் குந்த மாட்டேன் நைனா" என்றாள்.

அந்த வாரமே ஆராய்ச்சிக்காரர் நண்பர் ஒருவரோடு காபி குடித்துக்கொண்டு, பிள்ளை கைவிட்டுப் போயிருந்தால் பென்ஷன் கொடுக்கலாம் என்று இதில் ஆணை இருக்கிறது, எவ்வளவு முற்போக்கு பாருங்கள் என்று வால்யூமைத் தட்டிக் காட்டினார். டம்ளர் எடுக்கப் போன என் காதில் விழுந்தது. ஓடிப்போய்க் கன்னியம்மாவிடம் சொன்னேன். "என் கத அந்த பொஸ்தகத்துல கீதாமே?" என்று குடிசை குடிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். போய்க் கேட்டதற்குத் தாலுகா ஆபீஸ் கிளார்க் மட்டும் அசையவில்லை. "ரூல் இருந்தா கொண்டா, பார்க்கலாம்."

அடையாறுக்காரரிடம் போய், அந்த ஒரு பக்கத்தை மட்டும் எழுதித் தாருங்கள் ஐயா என்று கையைக் கட்டிக்கொண்டு கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் பாலிசியைப் படிக்கிறேன்பா. தனி ஆளோட கேஸ்ல தலையிட்டா ஆராய்ச்சி கெட்டுடும்."

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு அவர் கார் கிளம்பியதும் சீட்டு இருந்த பக்கத்தைத் திறந்தேன். மூன்று மதியம், சாப்பிடாமல் உட்கார்ந்து வரைந்தேன். ஒரு எழுத்து விடவில்லை. பூச்சி தின்ற இடத்தில் அதே அளவுக்கு ஒரு வட்டம் போட்டேன். ஓரத்தில் பென்சிலில் ஏதோ கிறுக்கியிருந்தது. அதுவும் ஆணையில் சேர்ந்ததுதான் என்று நினைத்து அதையும் வரைந்து, கீழே லைப்ரரி முத்திரையை ஊதா மையில் குத்தினேன்.

கிளார்க் வட்டத்தைக் காட்டி இது என்ன என்றார். பூச்சி தின்னது சார் என்றேன். சிரிக்கப் போனவர் ஓரத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "இனிஷியல் போட்டிருக்காரே, எந்த ஆபீசர்?" என்னைக் கேட்டால்? பெரியவர் என்றேன். பொய் இல்லையே, எழுதியவருக்கு என்னைவிடப் பதினைந்து வயது அதிகம். கிளார்க் தாளை உள்ளே கொண்டுபோனார். ஆபீசில் ஓரத்துப் பென்சில் குறிப்புக்கு உள்ள மரியாதை அச்சடித்த ஆணைக்குக் கிடையாது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆராய்ச்சிக்காரர் தமக்காக 'மிக முக்கியம்' என்று எழுதித் தம் பெயரின் முதல் எழுத்துகளைப் போட்டிருந்தார். பாலிசி ஐயா தனி ஆள் கேஸில் தலையிட்டுவிட்டார், பாவம், தமக்கே தெரியாமல்.

இரண்டாம் மாதம் மணியார்டர் வந்தது. கன்னியம்மா கைநாட்டு வைத்துவிட்டு, மை விரலைத் துடைக்காமல் சாயங்காலம் வரை தெருவுக்கெல்லாம் காட்டினாள். எனக்கு வந்தது மெமோ. வால்யூமில் செருகிய சீட்டு ஒரு விரற்கடை நகர்ந்திருந்ததாம்.

அவர் ஆராய்ச்சி பட்டம் வாங்கிப் புத்தகமாகவும் வந்தது. தங்களுக்குள்ள உரிமையைத் தேடித் தெரிந்துகொள்ளும் அக்கறை ஏழைகளிடம் இல்லை என்று அதில் முடித்திருந்தாராம், லைப்ரேரியன் படித்துச் சொன்னார். முன்னுரையில் எல்லாருக்கும் நன்றி, காபி போட்டுக் கொடுத்தவருக்கும் சேர்த்து. அந்தக் காபியை நான்தான் வாங்கி வருவேன்.

இப்போது கால்வாய் மேல் ரயில் போகிறது. குடிசையும் இல்லை, ஆப்பமும் இல்லை, கன்னியம்மா போய் எத்தனையோ வருடம். மணியார்டரையும் நிறுத்திவிட்டார்கள். லைப்ரரி இருந்த இடம் அடுக்குமாடி. இடிப்பதற்கு முன் புத்தகங்களைச் சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். அந்த வால்யூமின் முதுகில் என் வெள்ளை எழுத்து தெருவிலிருந்தே தெரிந்தது. பிரித்தேன். 'தொடாதீர்' சீட்டு அப்படியே இருந்தது, நான் மூன்று மதியம் வரைந்த அதே பக்கத்தில். ஆராய்ச்சி ஐயா அதற்கு மேல் ஒரு பக்கமும் புரட்டவில்லை.