பதினேழாம் நம்பர் மனை

விளாங்குடியில் முத்துச்செல்வியைத் தெரியாத புரோக்கர் கிடையாது. சர்வேயர். எங்கே வயல் பிளாட்டாகிறதோ அங்கே அவள் நிற்பாள். அவள் போடும் பிளான்களுக்கு நகல் எடுப்பது என் ஜெராக்ஸ் கடையில்தான். அதனால் அவள் கதை எனக்கு அத்துப்படி.

ஊரையே அளக்கிறவளுக்குச் சொந்தமாக ஒரு சென்ட் இல்லை. அம்மா முனியாயியைச் சொந்த வீட்டில் குடிவைக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. வெளியூரிலிருந்து வந்து நிலம் வாங்கிய அழகுபாண்டிக்கு நாற்பது மனை பிரித்துக் கொடுத்தவள், தனக்கும் ஒன்று கேட்டாள்.

"கொலசாமி எதும்மா?" என்றார் அவர்.

எங்கள் பக்கம் ஊர் எப்படி வளர்கிறது என்கிறீர்கள்? பஸ், தண்ணீர் எல்லாம் அப்புறம். பங்காளிகள் ஒரு தெரு, சம்பந்தி வகையறா அடுத்த தெரு. கொலசாமி எது என்று கேட்டால் சாதி எது என்று கேட்பதாகத்தான் அர்த்தம். இவள் குடும்பம் அந்தப் பக்கத்து வயல்களில் தலைமுறையாகக் கூலி வேலை பார்த்தது. அது தெரிந்துதானே கேட்கிறார் பெரிய மனுசன்! சாமி பேரைச் சொல்லாமலே அவள் பிளானைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிட்டாள். அப்புறம் எப்போது கேட்டாலும், "இருக்குற மனைய மாப்ளைக்குன்னு சொல்லி வச்சுட்டேம்மா" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முப்பத்தொன்பது மனை மளமளவென்று போனது. பதினேழு மட்டும் அப்படியே கிடந்தது. அதற்கு நேர் எதிரே வேப்பமரத்தடியில் ஒரு முனியாண்டி கல். துடியான சாமி. அதன் பார்வைக்கு நேரே வாசல் வைத்துக் குடியிருக்க யாருக்கு நெஞ்சுரம் இருக்கிறது? பங்காளிகள் எல்லாரும் நைசாக நழுவிவிட்டார்கள்.

ஆடி கழிந்ததும் அழகுபாண்டியே என் கடைக்கு வந்து அவளைப் பிடித்தார்.

"பதினேழ நீயே எடுத்துக்கம்மா. வாசல மட்டும் பக்கவாட்டுல வச்சுக்க."

"நேராத்தாண்ணே வைப்பேன்."

"ஏத்தா, உசுரு மேல ஆச இல்லையா?"

"அது எங்க அம்மாவப் பெத்த தாத்தா நட்ட கல்லுண்ணே. வேலைக்கு வந்த சனம் கும்பிட ஒரு சாமி வேணும்னு நட்டாரு. வீட்டுப் பிள்ளைய அது என்ன செய்யப் போகுது?"

"இம்புட்டு நாளா சொல்லவே இல்லையே?"

"நீங்க சாமியத் தெரிஞ்சுக்கவா கேட்டீக?"

மனுசன் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கோ விசில் அடிக்க வேண்டும் போல இருந்தது.

பத்திரம் முடிந்த மறுநாள் அளவுகல் ஊன்றப் போனோம். ஊருக்கெல்லாம் ஊன்றியவள் அன்று ஒவ்வொரு கல்லுக்கும் இரண்டு தரம் அளந்து பார்த்தாள். நாலாவது கல்லை ஊன்றிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். முனியாயி அழவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே முனியாண்டி முன்னால் போய் நின்றார்.

"சின்னப் பிள்ளையில இருந்து வேலைக்கு வாரப்ப ஒன்னயக் கும்பிட்டுட்டு, அந்திக்குப் போயிருவேன்ல? இனிமே போகமாட்டேன்யா."