மருந்து கேட்குமா

மனைவிக்குப் புற்றுநோய் முற்றிய பிறகு, அதைக் குணமாக்கும் என்று யாரோ சொன்ன வைட்டமின் சி, எங்கள் கோச்சடை வீட்டுக்குள் எல்லா வேடத்திலும் வந்தது. சப்பிச் சாப்பிடும் புளிப்பு மாத்திரை அவளுடைய வாய்ப்புண்ணில் பட்டு எரிந்தது. பொடியைத் தண்ணீரில் கலந்து கொடுத்தேன், வயிற்றால் போனது.

"வாயில போட்டா எங்க கேக்கும் மச்சான்? பாட்டில்ல ஏத்தணும்," என்றான் அவள் தம்பி.

பலனில்லை என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். எனக்குத்தான் மண்டையில் ஏறவில்லை. வேறொரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன்.

மூன்றாவது பாட்டிலுக்கு நர்ஸ் நரம்பு தேடி அவள் கையைத் தட்டிக்கொண்டிருந்தபோது, மனைவி என் பக்கம் திரும்பினாள்.

"மருந்து கேக்குதா, மருந்து கேக்குதான்னு உசுர வாங்குறீகளே. நான் சொல்றதக் கேளுங்க. வீட்டுக்குப் போவோம்."

"இந்த ஒரு பாட்டில் மட்டும்," என்றேன்.