ஹப்பைத் தொடாமல் போட்ட கையெழுத்து

புதுச்சத்திரத்துக்குக் கொஞ்சம் முன்னால், எனக்கு முன்னே போன ராணுவ லாரியின் இடது பின்சக்கரத்திலிருந்து புகை கிளம்பியது. கிரீஸ் கருகும் வாடை என் வண்டிக்குள்ளேயே அடித்தது. அந்த லாரியில் இருந்தவை நான்கு மீட்புப் படகுகளும் அவற்றின் மோட்டார்களும். காவிரிக் கடைமடைப் பக்கம் வெள்ளம் புகுந்து, ஜனங்கள் மொட்டை மாடிகளில் நின்றுகொண்டிருந்தார்கள். ஏழு வண்டிகள் கொண்ட எங்கள் அணியில் நான் ஹவில்தார் மெக்கானிக். வண்டிகள் வழியில் நிற்காமல் போய்ச் சேருவது என் பொறுப்பு.

ராணுவத்தில் மெக்கானிக் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். இருபத்து நாலு வருஷம் இந்த வேலை பார்த்தவன். மணலிலும் பனியிலும் வண்டி கிளப்பியிருக்கிறேன். என் வேலையில் குறை சொல்ல ஆள் கிடையாது என்று இன்றைக்கும் சொல்வேன், இந்த ஒரு நாளைத் தவிர.

பயணத்தின் நடுவில் வண்டியை நிறுத்திச் செய்யும் சோதனைக்கு ஹால்ட் பரேட் என்று பெயர். டிரைவர் ஆயில், தண்ணீர், பெல்ட் பார்ப்பார். எங்கள் யூனிட் வழக்கப்படி, மெக்கானிக் ஒவ்வொரு சக்கரத்தின் ஹப்பிலும், அதாவது நடுக்குடத்திலும், புறங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். சூடு தாங்காமல் கையை எடுத்தால் உள்ளே பேரிங் போகப்போகிறது என்று அர்த்தம். பார்த்து முடித்துத் தாளில் கையெழுத்துப் போட வேண்டும்.

அன்று ராசிபுரம் பிரிவு ரோட்டில் ஹால்ட். நாங்கள் அந்த வழியாகப் போவதை அண்ணனுக்குப் போனில் சொல்லியிருந்தேன், அதுவே தப்பு. சேந்தமங்கலத்திலிருந்து அண்ணனும் அண்ணியும் வண்டியில் வந்து நின்றார்கள், தூக்குப்போசி நிறைய பள்ளிபாளையம் சிக்கனோடு.

“ஏனுங் தம்பி, இப்படி எளைச்சுப் போயிட்டீங்க? ஆறிப் போறதுக்குள்ள ரெண்டு வாய் சாப்புட்டுப் போங்க சாமி” என்றார் அண்ணி.

நான் நாமக்கல் லாரிப் பட்டறையில் வளர்ந்தவன். எங்கள் பக்கத்து டிரைவர்கள் வண்டியை நிறுத்தினால் டயரை ராடால் ஒரு தட்டுத் தட்டுவார்கள். சத்தத்திலேயே காற்று தெரிந்துவிடும். நானும் ராடை எடுத்து ஏழு வண்டிகளையும் தட்டிக்கொண்டே ஓடினேன். படகு லாரியின் டிரைவர் செல்வம், ஆத்தூர்க்காரர், லான்ஸ் நாயக், கூடவே வந்தார்.

“சார், பின்னாடி இடது பக்கம் லேசா இழுக்கிற மாதிரி இருக்கு. ஹப்பைக் கொஞ்சம் பாருங்க சார்.”

“காத்து கல்லு மாதிரி இருக்குதப்பா. சத்தம் கேட்டயில்ல? நாமக்கல்காரனுக்கே லாரியப் பத்திச் சொல்லித் தாரயா?”

சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். சிக்கன் பிரமாதம். அரை மணி நேரத்தில் புகை.

எங்கள் கேப்டன் மேடம் சென்னைக்காரர், குரலை உயர்த்தவே மாட்டார். மற்ற வண்டிகளை முன்னால் அனுப்பிவிட்டு என் தாளை வாங்கிப் பார்த்தார். பிறகு செல்வத்தைப் பார்த்தார்.

“மெக்கானிக் ஓகே சொல்லி அரை மணி நேரம்தான் ஆகுது. அதுக்குள்ள எப்படிக் கருகும்? பிரேக்கை மிதிச்சுக்கிட்டே ஓட்டினியா?”

செல்வத்தின் கண் தாளிலிருந்த என் கையெழுத்துக்குப் போனது. அடுத்த மாதம் அவருக்கு நாயக் பதவி உயர்வு வர வேண்டும். டிரைவர் தப்பு என்று எழுதினால் அது போச்சு. அந்தக் கையெழுத்து இருக்கும்வரை என்மேல் ஒரு தூசு விழாது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

“மேடம், நான் ஹப்பைத் தொடலைங்க. டயரத் தட்டிட்டுக் கையெழுத்துப் போட்டுட்டேனுங்க. இழுக்குதுன்னு இவரு சொன்னாரு, நாந்தான் கேக்கல.”

மேடம் தாளை மடித்துப் பையில் வைத்தார். பிறகு, “வண்டி எப்ப கிளம்பும்?” என்றார்.

“ஒன்றரை மணி நேரம் குடுங்க.”

ஜாக்கி போட்டு, ஆக்சில் ஷாஃப்டை உருவி, ஹப்பைக் கழற்றினோம். வெளிப்பக்க பேரிங் உடைந்து கிடந்தது, ஆயில் சீல் கருகியிருந்தது. நல்ல வேளை, அச்சில் கீறல் இல்லை. எங்கள் ஸ்பேர் பெட்டியில் அந்த சைஸ் இல்லை. உடைந்ததைத் துடைத்து நம்பரைப் படித்தேன். ஊர் லாரிகளில் ஓடும் அதே நம்பர். வெளியில் வாங்க மேடம் அனுமதித்தார். எங்கள் பின்னாலேயே வந்திருந்த அண்ணன், “நம்பர எழுதிக் குடு, வெரசா வாரேன்” என்று நாமக்கல்லுக்குப் பறந்தார்.

புது பேரிங்குக்குக் கிரீஸை மேலாகப் பூசினால் போதாது. உள்ளங்கையில் வைத்து, உருளைகளுக்கு இடையில் பிதுங்கி மறுபக்கம் வரும்வரை அழுத்த வேண்டும். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு கொஞ்சம் தளர்த்திப் பூட்ட வேண்டும். ஒரு மணி இருபது நிமிஷத்தில் வண்டி கிளம்பியது. யார் செய்திருந்தாலும் அதைவிடச் சீக்கிரம் முடிந்திருக்காது.

படகுகள் இருட்டுவதற்குள் தண்ணீரில் இறங்கின. ஆனால் அந்த ஒரு மணி இருபது நிமிஷமும் ஜனங்கள் மாடியில் கூடுதலாக நின்றார்கள், என்னால்.

முகாம் திரும்பியதும் அறிக்கை வந்தது. என் பதிவேட்டில் கண்டிப்பு ஏறியது. எனக்கு அடுத்து வர வேண்டிய நாயப் சுபேதார் பதவி தள்ளிப்போனது. செல்வம் அறிக்கையை இரண்டு தரம் படித்தார்.

“சார், இதுல என் பேரே இல்லையே.”

“உம் பேரு எதுக்கு? உம்மேல தப்பில்லைல்ல.”

“இருக்கணும் சார். டிரைவர் முன்னாடியே சொன்னார்னு ஒரு வரி வேணும்.”

நியாயம்தானே. நானே மேடத்திடம் போய் அந்த வரியைச் சேர்க்கச் சொன்னேன். அந்த வரியோடுதான் அவருக்கு நாயக் பட்டை வந்தது.

தம்பிகளே, டிரைவர் இழுக்கிறது என்றால் முதலில் ஹப்பில் கையை வையுங்கள். நீங்கள் எந்த ஊர்க்காரர் என்பதை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.