எர்த் ஒயர்

நான் செய்து கொடுத்த பெட்டி ஒருவரைக் கொன்றுவிடும் என்று எனக்குத் தெரிந்தபோது பிற்பகல் மூன்றரை மணி. மந்தைவெளியில் எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில், கையில் டெஸ்டரோடு உட்கார்ந்திருந்தேன்.

பத்தாவது முடித்ததும் ஒரு டிவி கம்பெனியில் சால்டரிங் வேலைக்குப் போனேன். கம்பெனி மூடிய பிறகு வீட்டிலேயே ரேடியோ, மிக்ஸி என்று ரிப்பேர் பார்த்தேன். பக்கத்தில் இசைக்கருவி விற்கிற கடைக்காரர் ஒருநாள் கிட்டாருக்கான சின்ன ஆம்ப்ளிஃபையர் ஒன்றைக் கொடுத்து, "பாத்துத் தர முடியுமாம்மா?" என்றார். பார்த்துக் கொடுத்தேன். பிறகு, கடையில் விலை கட்டுப்படியாகாதவர்களுக்கு நானே செய்து தர ஆரம்பித்தேன். எனக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. ரெண்டு கம்பி மட்டும் மிச்சமுள்ள பழைய கிட்டார் ஒன்று வைத்திருக்கிறேன். அதைத் தட்டிப் பார்த்துத்தான் சத்தம் சரியா என்று முடிவு செய்வேன். பெட்டியை வாங்க வருகிறவர்களிடம் அதிகம் பேச மாட்டேன். பேச வராது.

அன்றைக்கு நான்காவது பெட்டியைச் செய்துகொண்டிருந்தேன். பெட்டியின் இரும்புத் தகட்டில் டெஸ்டரை வைத்ததும் அதன் உள்ளே விளக்கு பளிச்சென்று எரிந்தது. லேசாக எரிந்தால் பரவாயில்லை என்று விடுவது வழக்கம். இது லேசு இல்லை. டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றி மீட்டரில் பார்த்தேன். உள்ளே எங்கோ சுருள் வெந்துபோய், வீட்டுக் கரண்ட் அப்படியே அதன் இரும்புக்கு வந்துகொண்டிருந்தது. பழைய ஸ்டெபிலைசர்களிலிருந்து பிரித்தது, ஒரே குவியலில் நான்கு வாங்கியிருந்தேன். மற்ற மூன்றும் மூன்று பேர் வீட்டில்.

எர்த் ஒயர் இருந்தால் அந்தக் கரண்ட் மண்ணுக்கு இறங்கி ஃபியூஸ் போகும், அவ்வளவுதான். ஆனால் முதல் பெட்டி வாங்கிய பாலவாக்கத்துக்காரர், "அக்கா, உம்முனு ஒரு சத்தம் வந்துக்கினே கீதுக்கா" என்று திருப்பிக் கொண்டு வந்திருந்தார். என்னென்னவோ மாற்றிப் பார்த்தும் போகவில்லை. கடைசியில் எர்த் ஒயரைக் கழற்றினேன். சத்தம் சட்டென்று நின்றது. எவ்வளவு சந்தோஷப்பட்டேன்! அடுத்த ரெண்டு பெட்டியிலும் அந்த ஒயரை நான் மாட்டவே இல்லை.

பாலவாக்கத்துக்காரர் கடலுக்குப் போகிறவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கிட்டார் வாசிப்பார். கடைசியாக வந்தபோது, நான் டெஸ்டரோடு உட்கார்ந்திருந்த அதே நாளைச் சொல்லி, "அஞ்சு மணிக்கு எங்க புதுப் படகு மந்திரிப்பு, சாமியார் வந்து செபம் பண்ணுவாரு. கரையிலதான் பாட்டு. வாங்கக்கா" என்று கூப்பிட்டிருந்தார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். போகிற எண்ணமே இல்லை.

ஈர மணல். வெறுங்கால். நான் எழுந்துவிட்டேன்.

போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பலாம் என்று பட்டனை அழுத்தி, "வணக்கம், நான் மந்தைவெளியிலேருந்து" என்று ஆரம்பித்து, குரல் எனக்கே பிடிக்காமல் அழித்தேன். உயிர் போகிற விஷயத்தில் என் குரல் எப்படி இருந்தால் என்ன? அப்போது அது தோன்றவில்லை. "ஆம்ப் போட வேண்டாம்" என்று எழுதி அனுப்பினேன். ஒரு டிக்தான் விழுந்தது.

பஸ் அடையாறு சிக்னலில் நின்றே கிடந்தது. திருவான்மியூரில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தேன். வழியெல்லாம் மனசு கணக்குப் போட்டது. ஒருவேளை அந்த டிரான்ஸ்ஃபார்மர் நல்லதாக இருக்கலாம். ஒருவேளை செருப்பு போட்டிருப்பார். ஒருவேளை மழை வந்து எல்லாம் நின்றுபோயிருக்கும். வானத்தில் ஒரு மேகம் இல்லை.

கடற்கரைச் சந்தில் திரும்பும்போதே கிட்டார் சத்தம் கேட்டது. என் பெட்டியின் சத்தம் எனக்குத் தெரியும். இத்தனை நாள் அதில் என்ன குறை என்றுதான் காது தேடும். அன்றைக்கு, சத்தம் வருகிறவரை அவர் உயிரோடு இருக்கிறார் என்பது மட்டும்தான் புத்தியில் இருந்தது. பாதிச் சந்தில் சத்தம் நின்றது. என் காலும் நின்றது. பிறகு கைதட்டல் கேட்டது. பாட்டு முடிந்திருக்கிறது.

கரையில் புதுப் படகுக்கு மாலை போட்டிருந்தார்கள். அங்கி போட்ட சாமியார் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் வாடகை ஸ்பீக்கர், மைக். பாலவாக்கத்துக்காரர் வெறுங்காலோடு கிட்டாரைப் பிடித்தபடி மைக்கை நோக்கி நடந்தார். அந்த மைக்குக்கு எர்த் இருக்கும். கை கம்பியில், உதடு மைக்கில்; என் பெட்டியின் கரண்ட் கம்பி வழியாக அவர் உடம்பில் பாய்ந்துவிடும். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. கத்த வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. செங்கல் மேல் வைத்திருந்த ஜங்ஷன் பாக்ஸைத் தேடி ஓடி, என் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினேன்.

"யாரும்மா அது? பிளக்க புடுங்கிக்கினு கீற!" என்று ஒருவர் கத்தினார். மொத்தக் கூட்டமும் என்னைப் பார்த்தது.

"அக்கா? நீங்களா?" என்றார் கிட்டார்க்காரர்.

"தொடாதீங்க. ஷாக் அடிக்கும். நான்தான் எர்த் ஒயரைக் கழட்டிட்டேன். என் தப்பு." அத்தனை பேர் முன்னால் நான் அவ்வளவு சத்தமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

அவர் சிரித்தார். "அதுவாக்கா! அது அப்பப்ப கிள்ளும். அதுக்குத்தான் செருப்பு போட்டுக்கினு வாசிப்பேன். இன்னிக்கு மந்திரிப்பாச்சே, இப்பத்தான் கழட்டி வச்சேன்."

"ஏன் சொல்லல?"

"நீங்களே வாயத் தொறந்து பேச மாட்டீங்க. கொற சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னு…"

காலி மீன் கூடையோடு முன்னால் வந்தவர் அவருடைய மனைவி. "கிள்ளுச்சாம்! வலையில ஷாக் அடிக்கிற திருக்கை மாட்டுனா ஊரையே கூப்ட்டு கத்துவ. ரெண்டு மாசமா இது கிள்ளும்போது மட்டும் வாய மூடிக்கினு கீறியா?"

கூட்டம் சிரித்தது. "மச்சி, வூட்லயே தெனம் ஷாக்கு. அவனுக்குப் பழகிப்போச்சு" என்று படகுப் பக்கமிருந்து ஒரு குரல். சாமியார்கூட உதட்டைக் கடித்துக்கொண்டார். யாரோ வாடகை மைக்கைக் கிட்டாருக்கு நேராக இறக்கி வைத்தார்கள். பாட்டு மறுபடி ஆரம்பித்தது, கொஞ்சம் மெலிதாக.

அந்தம்மா மட்டும் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் கேட்டார்: "இன்னிக்கு நீ வர்லன்னா இவரு செத்திருப்பாரா?"

பொய் சொல்லியிருக்கலாம். "இருக்கலாம்" என்றேன்.

என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கூடையைக் கீழே வைத்தார். "வேற யாருக்கெல்லாம் குட்த்துக்கீற?" அதுவரை மற்றவர்களை நான் நினைக்கவே இல்லை.

"இன்னும் ரெண்டு பேருக்கு. ஒருத்தர் ஆதம்பாக்கம். ஒருத்தர் அடையாறு."

"அப்ப இங்க இன்னாத்துக்கு நின்னுக்கினு கீற? போன போடு."

அவர் பார்த்துக்கொண்டே நிற்க ஆதம்பாக்கத்துக்குப் போட்டேன். ரெண்டாவது மணியில் எடுத்தார்கள். வணக்கம்கூடச் சொல்லவில்லை. "பெட்டியோட பிளக்கைப் புடுங்குங்க. புடுங்கிட்டு வந்து சொல்லுங்க" என்றேன். "யார் பேசறது?" என்று கேட்டுக்கொண்டே அவர் நடந்துபோகிற சத்தம் கேட்டது. பிறகு, "புடுங்கிட்டேங்க" என்றார்.

அடையாறு எண் அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

நான் என் பெட்டியைத் தூக்கக் குனிந்தேன். அந்தம்மா அதன்மேல் மீன் கூடையைக் கவிழ்த்துவிட்டுப் பக்கத்திலேயே மணலில் உட்கார்ந்தார். "நீ போ. இத எவன் தொடுறான்னு நான் பாக்கறேன்."

அடையாறு வரை எப்படிப் போனேன் என்பது நினைவில் இல்லை. அந்த அடுக்குமாடியின் காவலாளி, வீட்டில் எல்லோரும் ஊருக்குப் போய் மூன்று நாளாகிறது என்றார். எனக்கு மூச்சு வந்தது. திரும்பினேன். பிறகு மறுபடியும் அவரிடம் போய், "எப்ப வருவாங்க? எந்த நேரத்துக்கு?" என்று கேட்டேன்.