தெருவுக்காக உறுமிய ஜெனரேட்டர்

ஜெனரேட்டர் மெக்கானிக் கர்ஜனையின் வீட்டில் பேட்டரி இருக்கிறதாம். முடிவெட்டும் கடையில் கிளம்பிய பேச்சு இது. கேட்டவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு, "இருக்குமோ?" என்று தலையைச் சொறிந்துகொண்டார்கள்.

உண்மையா என்று பார்க்கும் முன் ஆளைப் பார்த்துவிடுவோம்.

கர்ஜனை என்பது தெரு வைத்த பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வங்கிப் புத்தகத்துக்கு மட்டும்தான் தெரியும். பதினெட்டு வருஷம் டீசல் இன்ஜின்களோடு பேசிப் பேசி, உப்பு கேட்டால்கூட அடுத்த தெருவிலிருந்து யாராவது எடுத்து வரும் அளவுக்குக் குரல் வளர்ந்துவிட்டது. பேட்டரி என்று யாராவது வாயைத் திறந்தால் போச்சு.

"அது பொம்மைங்க! ஒரு மோட்டாரை மாட்டிப் பாருங்க, மயங்கி விழுந்துடும். இன்ஜினுக்கு உயிர் இருக்குங்க, உயிர்!"

வாடிக்கையாளர் ஒவ்வொருவரையும் இன்ஜின் பக்கத்தில் நிறுத்திக் காதைப் பழக்குவார். "லோடு ஏறினா குரல் தாழும். ஒரு நொடி முக்கும், அப்புறம் நிமிரும். அதுதான் ஆரோக்கியம். லோடு இல்லாம சும்மா மட்டும் ஓட்டாதீங்க, கரி சேர்ந்து சளி பிடிச்சுக்கும்."

எந்த இன்ஜின் எப்படிக் கத்தினாலும் ரசிக்கிற மனிதருக்கு ஒரே ஒரு சத்தம் மட்டும் ஆகாது. பல் டாக்டரின் குடைச்சல் மிஷின் சத்தம். இடதுபக்கக் கடைவாய்ப் பல் சொத்தையாகி இரண்டு வருஷமாக வலதுபக்கமே மென்றுகொண்டிருக்கிறார். அவருடைய பெரிய வாடிக்கையே தெருமுனைப் பல் டாக்டரம்மாதான் என்பது விதியின் குறும்பு. கிளினிக் ஜெனரேட்டரைப் பின்வாசல் வழியாகப் போய்ப் பார்த்துவிட்டு, பின்வாசல் வழியாகவே ஓடி வந்துவிடுவார்.

இனி பேட்டரி விஷயம். பேச்சு உண்மைதான். ஆனால் வாங்கியது அவர் இல்லை, மனைவி.

அந்த அம்மாள் கம்ப்யூட்டர் வழியாகப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறவர். அவர் ஜன்னலடியில்தான் ஜெனரேட்டர் நின்றது. கரண்ட் போனால் முதலில் கம்ப்யூட்டர் சாகும். கர்ஜனை ஓடிப்போய்க் கிளப்பினால் கம்ப்யூட்டர் பிழைக்கும், பாடம் செத்துவிடும். ஒருநாள் ஒரு பெண்பிள்ளை கேட்டது: "மிஸ், நீங்க பஸ்ல போறீங்களா?"

அடுத்த வாரமே, கர்ஜனை வெளியே போயிருந்த நேரம் பார்த்து, தன் சம்பாத்தியத்தில் ஒரு வெள்ளைப் பெட்டியை வாங்கிச் சுவரில் மாட்டவைத்துவிட்டார் மனைவி. அடுத்த தடவை கரண்ட் போனபோது விளக்கு கண்கூடச் சிமிட்டவில்லை. கர்ஜனை பெட்டியின் மேல் காதை வைத்துப் பார்த்தார்.

"வேலை செய்யுதா இது?"

"விளக்கு எரியுதே, தெரியலையாங்க?"

"சத்தமே காணோம். எதை வெச்சு நம்புறது?"

நம்பிக்கையைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. டாக்டரம்மாவின் ஜெனரேட்டர் கிழடாகிவிட்டது. புது ஜெனரேட்டரா, பேட்டரியா என்று இந்த மாதம் முடிவு செய்யப்போகிறார். ஜெனரேட்டர் என்றால் பத்து வருஷப் பராமரிப்பு கர்ஜனைக்கு. பாதிக் குடும்பம் அதில்தான் ஓடுகிறது. அவர் வீட்டிலேயே பேட்டரி என்று வெளியே தெரிந்தால்?

ஜெனரேட்டரை வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் தள்ளி, தெருவைப் பார்த்து நிறுத்தினார். கரண்ட் போகும்போதெல்லாம் கிளப்பி உறுமவிட்டார். ஒயரின் ஒரு நுனி ஜெனரேட்டரில், கரண்ட் ஏறாதபடி சும்மா கட்டியது; மறுநுனி குரோட்டன்ஸ் செடித் தொட்டி மண்ணுக்குள். வீட்டை ஓட்டியது வெள்ளைப் பெட்டி. தெருவுக்காக இன்ஜினுக்குச் சளி பிடித்துக்கொண்டிருந்தது.

ஒரு சனிக்கிழமை காலை, உறுமல் உச்சத்தில் இருக்கும்போது டாக்டரம்மாவே கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். இரண்டடி வைத்தவர் நின்று தலையைச் சாய்த்தார்.

"அண்ணே, உள்ள வாஷிங் மெஷின் ஓடுதா?"

"ஓடுது டாக்டர்! இதுதான் இழுக்குது. புலி!"

"நின்னு நின்னு சுத்துது. ஆனா உங்க புலி ஒரு தடவைகூட முக்கலையே?"

கர்ஜனை நகர்ந்து குரோட்டன்ஸ் தொட்டியை மறைத்து நின்றார். டாக்டரம்மா குனிந்து ஒயரைப் பிடித்து இழுத்தார். ஒரு பிடி மண்ணோடு நுனி கையில் வந்தது.

"செடிக்குக் கரண்ட் ஊத்துறீங்களா?"

ஜன்னலிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தார். "உள்ள வாங்க டாக்டர், ஃபேன் ஓடுது. அவர் தெருவுக்குக் கச்சேரி பண்ணிட்டிருக்கார்."

கர்ஜனை இன்ஜினை அணைத்தார். உள்ளே, வெள்ளைப் பெட்டி முன்னால் நின்று டாக்டரம்மா சிரிக்காமல் கேட்டார்: "இப்ப சொல்லுங்க. நான் எதை வாங்கட்டும்?"

கிளினிக்கில் கரண்ட் போன கணக்கு கர்ஜனையின் விரல் நுனியில் இருந்தது. போன வருஷம் முப்பத்தொரு தடவை. முப்பது தடவை முக்கால் மணிக்குள் வந்துவிட்டது. ஒரே ஒரு புயல், இரண்டு நாள். 'ஜெனரேட்டர்' என்ற சொல் நாக்கு வரை வந்து, சொத்தைப் பல்லில் இடித்துக்கொண்டு திரும்பிப் போயிற்று.

"பேட்டரியே வாங்குங்க டாக்டர். ஆனா உங்க குடைச்சல் மிஷினுக்குக் காத்தடிக்கிற கம்ப்ரஸர் கிளம்பும்போது நாலஞ்சு மடங்கு கரண்ட் இழுக்கும், அதைத் தாங்குற மாதிரி கேட்டு வாங்குங்க. கத்தி கபடாவை எல்லாம் கிருமி சாக வேகவைக்கிற பெட்டியைக் கரண்ட் இருக்கும்போதே போட்டு முடிச்சுடுங்க, அது பேட்டரியை உறிஞ்சிடும். புயல் வந்தா நான் என் ஜெனரேட்டரை உருட்டிட்டு வரேன். இங்க சும்மா கத்திட்டுதானே இருக்கு."

இத்தனையையும் அவர் சாதாரணக் குரலில் சொன்னார். பேசுவது வேறு யாரோ என்று மனைவி அடுக்களையிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்.

பெரிய வாடிக்கை அன்றோடு போயிற்று. இரண்டு மாதத்தில் புயல் வந்தது. சொன்னபடி ஜெனரேட்டரை உருட்டிக்கொண்டு போனார். கம்ப்ரஸர் கிளம்பும்போதெல்லாம் இன்ஜின் முக்கி முக்கி நிமிர்ந்ததை இரண்டு நாளும் கிளினிக்கின் பின்வாசலில் நின்று கண் மூடிக் கேட்டார்.

"வாடகை எவ்வளவுண்ணே?"

"அட, விடுங்க டாக்டர்."

"அதெப்படி? நான் கடன் வெச்சுக்க மாட்டேன். அந்தச் சொத்தைப் பல்லை அடைச்சு விடுறேன், நாளைக்கே வாங்க."

அதற்குப் பிறகு கர்ஜனை தெருமுனை வழியாகப் போவதில்லை. வாரம் ஒருமுறை கிளினிக்கிலிருந்து நர்ஸ் போன் செய்கிறார். "ஒரு இன்ஜினைப் பிரிச்சுப் போட்டிருக்கேம்மா, மாட்டிட்டு வரேன்" என்கிறார், அப்போதும் வலதுபக்கமாக எதையோ மென்றுகொண்டே.