பொழுது சாயும் நேரத்துச் சுரைப்பூ

எங்கள் மாடித்தோட்டத்தின் வரலாற்றில் முதல் இரண்டு ஆண்டுகள் காயே இல்லாதவை. சுரைக்கொடி பந்தலை மூடிப் படர்ந்தது, பூத்தது, பெண்பூவின் அடியில் விரலளவு பிஞ்சும் தோன்றியது. சில நாளில் பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்தது. மூன்றாம் ஆண்டும் அவ்வாறே தொடங்கியபோது என் மனைவி தீர்ப்பு வழங்கிவிட்டாள்: தை பிறப்பதற்குள் ஒரு காயேனும் காய்க்காவிட்டால் பந்தலைப் பிரித்துவிட வேண்டும், அவளுக்கு வற்றல் காயவைக்க இடம் வேண்டும்.

நான் சும்மா இருக்கவில்லை. பூசணிக்குச் செய்வதுபோல, விடிந்ததும் ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவில் மகரந்தத்தைத் தடவினேன். பூக்கள் அந்நேரம் துவண்டிருக்கும். சுரைப்பூவின் இயல்பே அதுவென்று எண்ணிக்கொண்டேன்.

அண்டைவீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர். தம் மாடியிலிருந்து ஒரு வாரம் என்னைக் கவனித்தவர், ஒருநாள் கைப்பிடிச்சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டார்:

“இன்னா சார், டெய்லி பஸ்ஸு போனப்புறம் ஸ்டாப்புல வந்து நிக்கறீங்க?”

எனக்கு விளங்கவில்லை.

“சுரை பொழுது சாயற நேரத்துலதான் சார் பூக்கும். அந்நேரம் நீங்க குடும்பத்தோட சோத்துக்கு உக்காந்துடறீங்க. பூச்சிங்களும் பஸ் ஸ்டாண்டு லைட்டுக்குப் போயிடுது. பாவம், அது யாருக்குப் பூக்கும்?”

குத்தல் சரியான இடத்தில்தான் விழுந்தது. நாங்கள் சமணர், இருட்டியபின் உண்பதில்லை; கதிரவன் இராசகிரிக் குன்றுக்குப் பின்னே இறங்குமுன் உண்டு கைகழுவிவிடுவோம். உண்ணும் அந்த அரைமணி நேரத்தில் எங்கள் வீட்டில் எவரும் மாடியேறியதே இல்லை. நான் வளர்த்த கொடியின் பூ விரிவதை நானே ஒருமுறையும் கண்டதில்லை.

அன்று மாலை உணவை விட்டுவிட்டு மாடியேறினேன். மொட்டுகள் ஒவ்வொன்றாக நெகிழ்ந்து வெள்ளை வெளேரென விரிந்தன. விளக்கேற்றவில்லை, விளக்கைத் தேடிவந்து பூச்சிகள் மடியும். அந்த வெண்மையே கைக்கு வழிகாட்டப் போதுமாயிருந்தது. நான்கு பெண்பூக்களில் மகரந்தம் தடவிவிட்டு இறங்கியபோது இருட்டிவிட்டது. எனக்கு இனி மறுநாள் காலையில்தான் சோறு.

மனைவி அதைப் பொறுக்கவில்லை. “பட்டினி கெடந்து கொடி வளக்க வாணாம். நாளையிலேர்ந்து அஞ்சு மணிக்கே சாப்டுட்டுப் போங்க,” என்றாள். நோன்பும் பிழைத்தது, கொடியும் பிழைத்தது. மறுநாள் மாலை அவளும் உடன்வந்து, என்னினும் நேர்த்தியாக மகரந்தம் தடவினாள்.

ஐந்தாம் நாள் பிஞ்சுகள் மஞ்சளாகவில்லை, தலைகவிழ்ந்து பருத்தன.

முதற்காய் நடத்துநர் வீட்டுக்குச் சென்றது. அவர் அதைக் கையில் ஏந்தி எடைபார்த்து, இந்தத் தடவை நான் பஸ்ஸைப் பிடித்துவிட்டதாகச் சான்றளித்தார்.

பந்தலைப் பிரிக்கக் குறித்திருந்த நாளில் மாடியேறிப் பார்த்தேன். காய்களின் கனத்தில் கழிகள் வளைந்திருந்தன. என் மனைவி புதிதாக இரண்டு முட்டுக்கொம்புகளை நிறுத்திக் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தாள். வற்றல், கைப்பிடிச்சுவரின்மேல் காய்ந்துகொண்டிருந்தது.