பனி வரப்பும் கனயோவின் காரும்

பனி கொட்டும் கிட்டாமி ஊரில் காரைத் தாழ்த்தி ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் மீசை முளைக்கிற வயதுப் பையன்கள். கனயோவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. வெளியே நடமாட முடியாத முதியவர்களுக்கு வீடு வீடாகப் போய் முடி வெட்டுவது அவள் தொழில். தலை கழுவும் தொட்டி பின்சீட்டில் ஆட, தரையை உரசாத குறையாக அந்த நீலக் கார் தெருவுக்குள் வந்தாலே ஆள் யாரென்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். இந்த வயதில் உனக்கு இது எதற்கு என்று கேட்டவர்களை ஒரு பார்வை பார்ப்பாள். அவ்வளவுதான் பதில்.

அந்தக் காரின் உயரம் அவள் கையில் இருந்தது. ஒவ்வொரு ஸ்பிரிங்குக்கும் அடியில் மரை போட்ட குழாய், அதில் ஒரு வளையம். ஸ்பானர் போட்டு வளையத்தை மேலே திருகினால் வண்டி எழும்பும், கீழே திருகினால் உட்காரும். டயருக்கும் அதற்கு மேலுள்ள தகட்டுக்கும் நடுவே கோடையில் இரண்டு விரல், பனிக்காலத்தில் ஒரு முஷ்டி. இதுதான் அங்கே எல்லோருக்கும் அளவு. பையன்கள் கெத்து விடாமல் பனி கொட்டிய பிறகுதான் ஸ்பானரைத் தேடுவார்கள். சாலையில் தூவுகிற உப்பு மரையில் ஏறி, வளையம் இறுகி, சுத்தியலால் அடித்தாலும் அசையாது. கனயோ அந்தக் கிறுக்குத்தனத்துக்கெல்லாம் போகமாட்டாள். வெங்காய அறுவடை முடிந்த கையோடு, பனிக்கு முன்பே வண்டியை ஏற்றி, மரையைத் துலக்கி, கிரீஸ் தடவி, பழைய சைக்கிள் டியூபை வெட்டி உறையாக மாட்டிவிடுவாள். வாராவாரம் உறையைக் கழற்றி உப்பைக் கழுவித் துடைப்பாள். குனிந்து செய்கிற வேலை, இடுப்பு விட்டுப்போகும். ஆனாலும் விடமாட்டாள்.

அவள் கணவர் ஷிகெரு, நகராட்சியின் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவர். அந்த வண்டி தெருவை வழித்துக்கொண்டு போகும்போது ஒதுக்குகிற பனி ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வரப்பாகக் குவியும். ஊரே அவரைத் திட்டிக்கொண்டு மண்வாரியோடு நிற்கும். தாழ்ந்த கார்கள் அந்த வரப்பில்தான் வயிறு தட்டி, சக்கரம் அந்தரத்தில் சுழல, உட்கார்ந்துவிடும். ஆமையாகிவிட்டது என்பார்கள். ஆமைகளை இழுத்து இழுத்து ஷிகெருவுக்கு அலுத்துவிட்டது. இந்தப் பனிக்காலத்தில் ஒரே ஒரு முறை கனயோ ஆமையானாலும் காரை விற்றுவிட வேண்டும் என்று பந்தயம் கட்டினார். அவள் வாயில் இருந்த சோற்றை விழுங்கக்கூட இல்லை, சரி என்று தலையாட்டினாள்.

டிசம்பர் போனது, ஜனவரி போனது, பிப்ரவரியும் போனது. கனயோ ஒரு இடத்திலும் மாட்டவில்லை. போகிற வீட்டில் எல்லாம் தன் காரைப் பற்றித்தான் பேச்சு. அப்போதுதான் நுமாதா கிழவர், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், கழுத்தில் துண்டு கட்டிக்கொண்டு உட்கார்ந்தபடியே ஒரு குண்டைப் போட்டார்.

"கனயோ, நீ தினமும் வந்து வெட்டினா என்ன?"

"உங்க தலையில இருக்கற முடிக்கு மாசம் ஒரு தடவையே ஜாஸ்தி."

"முடிக்கு யாரு கேட்டா? நீ வர்ற அன்னிக்கு மட்டும்தான் உன் வீட்டுக்காரன் எங்க வாசல்ல பனியைக் குவிக்காம போறான். மத்த நாள்ல என் மருமக அதை அள்ளிட்டு என்னைத்தான் திட்டறா."

கத்தரி நின்றுவிட்டது. அடுத்துப் போன வீட்டிலும் விசாரித்தாள். அங்கேயும் அதே கதைதான். கனயோவுக்குக் காது மடல் வரைக்கும் சூடேறியது. கோபம் பாதி, வெட்கம் பாதி. இத்தனை நாள் அடித்துக்கொண்ட பெருமைக்கு என்ன அர்த்தம்?

சாயங்காலம் அடுப்பில் ஆட்டுக்கறியும் வெங்காயமும் வதங்கிக்கொண்டிருக்கும்போதே கணவரைப் பிடித்துக்கொண்டாள். ஷிகெரு மறுக்கவில்லை.

"நான் தோக்கணும்னுதானே பந்தயம் கட்டினீங்க?" என்றாள்.

"கட்டிட்டேன். காரு போனா உன் மூஞ்சி எப்படி இருக்கும்னு அப்புறம்தான் நெனச்சுப் பார்த்தேன்."

அந்தப் பதில் அவளைக் கொஞ்சம் அசைக்கத்தான் செய்தது. ஆனாலும் இறங்கி வரவில்லை. ஊருக்கு வைக்கிற வரப்பைத் தனக்கும் வைக்க வேண்டும் என்றாள். மார்ச் மாதப் பனி ஈரமானது, கெட்டியாக உட்காரும், நிச்சயம் ஆமையாவாய் என்று அவர் எச்சரித்தார். ஆமையானால் விற்றுவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுக் கறியைத் திருப்பிப் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஜாக்கி போட்டு உட்கார்ந்தாள். பையன்களின் வண்டிகளில் பாதிக்கு வளையம் துருவோடு ஒட்டிக் கிடக்க, அவளுடையது வெண்ணெயாகச் சுழன்றது. ஒரு முஷ்டிக்கு மேல் இன்னும் இரண்டு விரல் ஏற்றினாள். அவளுக்கே பார்க்கப் பிடிக்கவில்லை. சக்கரங்களை நேர் பார்த்துக் கொடுத்த பட்டறைக்காரர், வண்டிக்குப் பொய்க்கால் கட்டிவிட்டாயா என்று சிரித்தார். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

மாதக் கடைசியில் நுமாதா வீட்டு முறை வந்த நாளில் ஈரப்பனி கொட்டியது. அவள் உள்ளே முடி வெட்டிக்கொண்டிருக்கும்போது பனி தள்ளும் வண்டி வாசலைக் கடந்து போகிற சத்தம் கேட்டது. வெளியே வந்து பார்த்தால், ஒரு சாணுக்குக் குறையாத வரப்பு. சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தார் மனிதர். மருமகள் மண்வாரியை நீட்டினாள். வேண்டாம் என்றாள் கனயோ.

முதல் கியரில் நேராக விட்டாள். முன்சக்கரங்கள் ஏறின. காரின் வயிற்றில் பனி கரகரவென்று தேய்ந்தது. வண்டி தயங்கியது. போச்சு என்றுதான் நினைத்தாள். ஒரு முஷ்டியோடு வந்திருந்தால் அங்கேயே உட்கார்ந்திருக்கும். ஆக்சிலரேட்டரில் காலை அழுத்தாமல், எடுக்காமல் அப்படியே வைத்திருந்தாள். பின்சக்கரங்கள் தள்ளின, தகடு உரசியது, கார் தொப்பென்று சாலையில் இறங்கியது.

வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே வளைவைத் திரும்பினாள். அங்கே பனி தள்ளும் வண்டி ஓரமாக நின்றிருந்தது. பக்கத்தில் ஷிகெரு, கையில் இழுவைக் கயிறு, தோளிலும் தொப்பியிலும் பனி அப்பியிருந்தது. வரப்பை வைத்துவிட்டு அவர் அங்கிருந்து நகரவே இல்லை. அவளைப் பார்த்ததும் கயிற்றை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

கண்ணாடியை இறக்கினாள்.

"அப்ப விக்க வேண்டாம்தானே?" என்று கேட்டாள்.

"வித்துட்டா நான் யாருக்காக இங்க நிக்கறது?" என்று சொல்லிவிட்டு, அவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வண்டியில் ஏறினார்.